வீட்டுக் கீர்த்தனையும் ஒலிநாடாவும்

தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைக் குடும்பங்களில் கல்யாணம், குழந்தையின் ஞானஸ்நானம், புதுவீட்டுப் பிரதிஷ்டை, அடக்க ஆராதனை, ஆலயப் பண்டிகை என ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வீட்டிலேயே பாட்டுக் கட்டிப் பாடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அப்படிக் கட்டியவர்களுள் பலர் புலமையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். சபையின் உபதேசியார், மிஷன் பள்ளி ஆசிரியர், ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த பெரியப்பா, ஓய்வுநாள் பள்ளி நடத்தும் அத்தை ஆகியோரே ஊருக்கு ஊர் இந்த வேலையைச் செய்துவந்தனர். அச்சிட்ட நூலிலிருந்து இன்று சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகளின் வேர் இத்தகைய பாட்டுகளில்தான் இருக்கிறது. இருப்பினும் ஓலை, அச்சு, இசைத்தட்டு, ஒலிநாடா என அடுத்தடுத்து வந்த பதிவுமுறைகளில் ஒவ்வொன்றும் பாட்டின் ஒரு பகுதியைக் காத்து மறுபகுதியை நழுவவிட்டதால், எஞ்சியிருப்பதைக் கொண்டு மட்டும் இந்த மரபை அளவிட இயலாது.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரிமாரான சீகன்பால்கும் புளுட்சோவும் தமிழ்ச் சபைக்கு முதலில் கொடுத்தவை ஜெர்மன் பாடல்களின் தமிழாக்கங்களே. மூலப் பாடலின் மெட்டு மாறாமல் சொற்களை மட்டும் தமிழாக்கும் அம்முறையைப் பின்னர் பப்ரிசியுஸ் (1711–1791) மேலும் செம்மைப்படுத்தினார். ஞானப்பாட்டு என்றும் பாமாலை என்றும் வழங்கும் பாடல்வகை இவ்வழியில் உருவானது. ஆராதனைக்கு இப்பாடல்கள் பெருந்துணை புரிந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அயல்மெட்டின் அழுத்தம் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் அமைப்போடு பல இடங்களில் பொருந்தாமல், குறிலாக ஒலிக்க வேண்டிய எழுத்து நீண்டும் நெடில் குறுகியும் போக நேர்ந்ததால், அவற்றைக் கற்றுப் பாடுவதற்கு ஆலயமும் பள்ளிக்கூடமும் தேவைப்பட்டன. கும்மியும் தாலாட்டும் தெம்மாங்கும் புழங்கிய வீட்டு முற்றத்தில் அந்த மெட்டுகள் தாமாகவே ஊன்றிக்கொள்ளவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியவர் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஆவார். கவிஞரான தேவசகாயத்தின் மகனாகிய அவரை மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். பின்னர் அவர் இரண்டாம் சரபோஜி மன்னரின் (ஆட்சிக்காலம் 1798–1832) அவையோடு தொடர்புடைய கவிஞராகவும் விளங்கினார். பெத்லகேம் குறவஞ்சி, ஞான நொண்டி நாடகம், சாஸ்திரக் கும்மி, ஜெபமாலை என அவர் இயற்றியவற்றின் பெயர்களே அவருடைய வழியைத் தெளிவாகக் காட்டுகின்றன. குறி சொல்லும் குறத்தியின் பாட்டாகிய குறவஞ்சியையும், பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் கும்மியையும், ஒற்றைக்கால் இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லும் நொண்டி நாடகத்தையும் அவர் வேதக் கருத்துக்கு இசைவித்தார். இவையனைத்தும் தெருவிலும் முற்றத்திலும் அரங்கிலும் வளர்ந்த வடிவங்கள் ஆதலால், அவற்றைப் பாட மக்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. பாட்டும் விளக்கவுரையும் மாறிமாறி வரும் கதாகாலட்சேபமாக அவர் இவற்றை நிகழ்த்தினார். அவர் குடும்பத்தாரும் வழிவழியாக அந்தக் காலட்சேபத்தைத் தொடர்ந்தனர்.

சாஸ்திரியாரின் பாட்டுகள் ஆலயத்துக்குள் இடம்பெற்றது எளிதாக நடந்துவிடவில்லை. 1820களில் தஞ்சைச் சபையின் பொறுப்பை ஏற்ற புதிய மிஷனெரிமார் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு, பந்தியில் அமரும் முறை, பண்டிகை வழக்கம், தமிழ்ப் பாட்டு ஆகிய பலவற்றையும் திருத்த முற்பட்டபோது சாஸ்திரியார் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். தமிழ்ப் பாட்டின் உரிமைக்காக வாதாடிய அவரே சாதி வழக்கத்தையும் உடன்சேர்த்து ஆதரித்து எழுதினார் என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. அந்தப் பிணைப்பு பிற்காலத்தில் எத்தகைய எதிர்வினையை எழுப்பியது என்பதைக் கீழே காணலாம். இதற்கிடையில் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழிசையில் ஈடுபாடு கொண்டு, முதியவரான சாஸ்திரியாரை அணுகிக் கீர்த்தனைகளைத் திரட்டி, 1853இல் பொது வழிபாட்டுக்கும் சமூகக் கூடுகைக்கும் உரிய தொகுதியாக அச்சிட்டார். வீட்டிலும் காலட்சேப மேடையிலும் வழங்கிய பாட்டுக்கு ஆலயப் புத்தகத்தில் உறுதியான இடம் கிடைத்ததில் இத்தொகுதிக்குப் பெரும்பங்கு உண்டு.

கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என மூன்று உறுப்புகளால் ஆன பாட்டு. பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் திரும்பத் திரும்ப வருவது. அனுபல்லவி அதன் கருத்தை ஒரு படி உயர்த்துவது. சரணங்கள் செய்தியை விரிப்பவை. சரணம் ஒருவர் வாயிலிருந்து வர, பல்லவியைக் கூடியிருப்போர் அனைவரும் எடுத்துப் பாடுவதால், புத்தகம் இல்லாதவரும் எழுத்தறியாதவரும் முதல் நாளே பாட்டில் கலந்துகொள்ள முடிந்தது. கடைசிச் சரணத்தில் பாட்டைக் கட்டியவர் தம் பெயரைப் பதிப்பதற்கு முத்திரை என்று பெயர். சாஸ்திரியாரும் இம்மரபைப் பின்பற்றினார். அச்சுப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி, சங்கராபரணம் போன்ற ராகத்தின் பெயரும் ஆதி, ரூபகம், சாபு போன்ற தாளத்தின் பெயரும் குறிக்கப்பட்டன, சுரங்கள் குறிக்கப்படவில்லை. ராகத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் மெட்டு வந்துவிடாது ஆகையால், அச்சு காத்தது சொற்களைத்தான். மெட்டைக் காத்தவை செவியும் நினைவுமே.

வீட்டில் பாட்டுக் கட்டியவர்களுக்கு இந்தக் குறையே வசதியாகவும் அமைந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையின் மெட்டை எடுத்து, அதன் எடுப்பும் அசையளவும் எதுகையும் பிறழாமல் புதுச் சொற்களைப் பொருத்துவதே அவர்களது முறை. தாளின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும், கல்யாண வீட்டில் கூடியவர் அனைவரும் பாடிவிடுவர். கல்யாண வாழ்த்தாயின் ஏதேன் தோட்டத்து முதல் மணமும் கானா ஊர்க் கல்யாணமும் முதற் சரணங்களில் வரும். அடுத்து மணமக்களின் பெயரும் பெற்றோரின் பெயரும் வந்து, ஆசியோடும் மங்களத்தோடும் பாட்டு முடியும். பெயர் அமரும் இடத்தின் அசையளவு தெரிந்த கைதேர்ந்தவர், அடுத்த கல்யாணத்துக்கு அந்த ஓர் அடியை மட்டும் மாற்றிப் பாட்டைப் புதிதாக்கிக்கொள்வார். இருபதாம் நூற்றாண்டில் சினிமா மெட்டுகளும் இவ்வாறே வீட்டுப் பாட்டுக்குள் நுழைந்தன. பெரியவர்கள் முகம் சுளித்தபோதும் இளையவர்களின் கிறிஸ்துமஸ் பஜனையிலிருந்து அவற்றை விலக்க முடியவில்லை.

மெட்டையும் எழுத்தில் காக்க முடியும் என்பதைச் செயலில் காட்டியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). சித்த மருத்துவராகவும் இசை ஆராய்ச்சியாளராகவும் புகழ்பெற்ற அவர், தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்த உருப்படிகளைப் பொருள் தெரியாமல் பாடிப் பழகும் நிலை மாற வேண்டும் என்று கருதி, கீதம், சுரஜதி, கீர்த்தனை முதலிய வகைகளில் தாமே 96 தமிழ்ப் பாட்டுகளை இயற்றி, 1907இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் சுரக்குறிப்போடு வெளியிட்டார். அவருடைய வீடே இசைக்கூடமாக இருந்தது. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் மகள் மரகதவல்லி வீணையில் தந்தையின் கருத்துகளை வாசித்துக் காட்டினார். திருநெல்வேலிச் சபைகளின் பாடகர் குழுக்களில் டானிக் சோல்ஃபா என்னும் எழுத்துவழிக் குறிப்புமுறை பரவியதும் மெட்டைத் தாளில் நிறுத்தும் முயற்சியே. ஆயினும் வீட்டுப் பாட்டுக்காரர்களில் குறிப்பு எழுதத் தெரிந்தவர் சிலரே ஆதலால், அவர்களுடைய கையெழுத்து நோட்டுகளில் சொல் மட்டும் தங்கி, மெட்டு அவரவர் ஆயுளோடு நின்றது.

ஒலிப்பதிவு இந்த நிலையை மாற்றத் தொடங்கிய விதமும் ஒரே சீராக இல்லை. 1902இல் கல்கத்தாவில் தொடங்கிய வணிக இசைத்தட்டுப் பதிவு விரைவில் சென்னையையும் எட்டியது. ஆனால் 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும் ஆகையால், ஆறேழு சரணம் கொண்ட கீர்த்தனைகள் பல்லவியும் ஓரிரு சரணமுமாகச் சுருங்கின. பதிவு செய்யும் உரிமையும் நிறுவனத்தார் கையில் இருந்ததால், வீட்டுப் பாட்டு தட்டில் ஏற வழியில்லை. 1970இல் சேஷெல்ஸ் தீவிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிய ஃபீபா வானொலியும் இலங்கை வானொலியின் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளும் பதிவு செய்த தமிழ்ப் பாட்டுகளைத் தொடர்ந்து ஒலிபரப்பின. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிய சகோதரி சாராள் நவரோஜி போன்றோரின் குரல் அக்காலத்தில்தான் ஊர்தோறும் பழக்கமானது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடா கேசட், 1980களில் இந்தியச் சந்தையில் மலிவாகப் பரவியபோது பதிவு செய்யும் கருவி முதன்முறையாக வீட்டுக்குள் வந்தது. வானொலியும் ஒலிநாடாவும் இணைந்த டூ இன் ஒன் பெட்டியில் ப்ளே, ரெக்கார்ட் ஆகிய இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும். பெட்டியில் உள்ள ஒற்றை மைக்கே எல்லா ஒலியையும் வாங்க வேண்டியிருந்ததால் பாடுபவர் அருகில் அமர, ஆர்மோனியமும் டோலக்கும் எட்ட வைக்கப்பட்டன. இரைச்சல் விழாதிருக்க மின்விசிறி நிறுத்தப்பட்டது. நடுவில் பிழை நேர்ந்தால் வெட்டி ஒட்டும் வசதி இன்மையால் பாட்டைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பாட வேண்டியிருந்தது. பாட்டு நன்கு அமைந்துவிட்டால், அதன்மேல் வேறொன்று பதிவாகாதபடி கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவர். மீண்டும் பதிய வேண்டுமாயின் அந்தத் துளையின்மேல் செல்லோ டேப் ஒட்டப்படும். இவ்வாறு பதிந்த கல்யாண வாழ்த்துகளும் ஞானஸ்நானப் பாட்டுகளும் படியெடுக்கப்பட்டு, வளைகுடாவிலும் வேற்று மாநிலங்களிலும் வேலை செய்த உறவினருக்கு அனுப்பப்பட்டன. சொல்லும் மெட்டும் குரலும் ஒருங்கே ஒரு வீட்டுப் பாட்டில் பதிவானது இம்மரபின் வரலாற்றில் புதியது.

அதே கேசட், பாட்டை ஒருவர் குரலோடு பிணைத்து அதைத் திருத்தும் துணிவையும் குறைத்தது. முன்பு ஊருக்கு ஊர் சற்றே மாறி ஒலித்த மெட்டு, கேசட்டில் கேட்டதுபோலவே பாடப்பட வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. இந்தச் சிக்கலைத் தெளிவாகக் கண்டவர், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) ஆவார். பரட்டை என்ற புனைபெயரில் எழுதிய அவர், கர்நாடக மெட்டிலும் செந்தமிழிலும் அமைந்த கீர்த்தனை ஒடுக்கப்பட்ட மக்களின் நாவுக்கு உரியதாக இல்லை என்று வாதிட்டு, நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத்தமிழிலும் வழிபாட்டுப் பாட்டுகளை அமைத்தார். கடவுளைத் தாயும் தந்தையுமாகப் ‘பெத்தவரே’ என்று விளிப்பதும், எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்ணும் ஒப்புரவை வழிபாட்டின் கருவாக்குவதும் அவருடைய பாட்டுகளின் தனித்தன்மைகள். அவர் தம் பாட்டுகளைக் கேசட்டிலும் வெளியிட்டார். ஆனால் பாடும் மக்கள் தங்கள் தேவைக்கேற்பச் சொல்லையும் இசையையும் மாற்றிக்கொள்வதையே பாட்டின் உயிராகக் கொண்டார். சாதிப் பெருமிதத்தோடு பிணைந்து கிடந்த ஒரு மரபிலிருந்து, எவரும் பாட்டுக் கட்டலாம் என்ற உரிமையை மட்டும் பிரித்தெடுத்து அதை மேலும் விரித்தவர் என்று அவரைக் கூறுவது பொருந்தும்.

இன்று அலைபேசியில் பதிவு செய்வது எளிதாகிவிட்ட நிலையில், முந்தைய தலைமுறையின் நோட்டுகளும் கேசட்டுகளும் பரண்களில் கிடக்கின்றன. ஈரக்காற்றில் காந்தநாடா பூஞ்சை பிடித்து உதிர்வதும், கேசட்டை ஓட்டும் பெட்டிகள் அருகிவருவதும் இழப்பை விரைவுபடுத்துகின்றன. சபைகள் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் தனித்தனிப் பதிவேடுகளைத் தலைமுறைகளாகப் பேணிவருகின்றன. அந்நிகழ்ச்சிகளில் பாடப்பட்ட பாட்டுக்கு எந்த ஏட்டிலும் இடம் ஒதுக்கப்படவில்லை. கேசட்டைக் கணினிக்கு மாற்றுவதோடு நில்லாமல், பாட்டைக் கட்டியவர் யார், எந்த நிகழ்ச்சிக்காக, எந்த மெட்டில் என்னும் விவரங்களையும் நோட்டில் உள்ள முழுச் சரணங்களையும் அந்த மெட்டை அறிந்தோர் இருக்கும்போதே கேட்டெழுதிச் சேர்ப்பது ஒவ்வொரு சபையாலும் இயலக்கூடிய பணியாகும். சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் நிலைத்ததற்கு வெப் அவற்றை அச்சிட்டது ஒரு காரணம். சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் விடாமல் பாடிவந்தது மற்றொரு காரணம். இவ்விரண்டும் சேர்ந்து வாய்த்த பாட்டே தலைமுறை தாண்டி வாழும் என்பதை அவர் காலம்தொட்டு இம்மரபு கற்பித்துவருவதால், வீட்டுப் பாட்டைக் காக்க விழைவோர் அதைப் பதிந்து வைப்பதோடு அடுத்த கல்யாணத்தில் பெயரை மாற்றிப் பாடவும் வேண்டும்.