இரகசியமும் இருவகை நீதியும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் கோட்பாட்டை அதன் நடைமுறை கொண்டே நாம் மதிப்பிடுதல் வேண்டும். அமெரிக்க மத்திய புலனாய்வு முகவரகத்தின் முன்னாட் பணிப்பாளர் டேவிட் பெற்றேயஸ், உயர் இரகசியங்கள் அடங்கிய எட்டுக் குறிப்பேடுகளைத் தம் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் கொடுத்தார். விசாரணையாளரிடம் அதனை மறுத்துப் பொய்யும் உரைத்தார். 2015 ஏப்பிரலில் அவர் பெற்றது, சிறு குற்றமொன்றுக்கான 100,000 டொலர் தண்டமும் ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்புமே.

அடுத்த மாதம், அதே முகவரகத்தின் முன்னாள் அலுவலர் ஜெப்ரி ஸ்ரேர்லிங், ஈரான் தொடர்பான நடவடிக்கையொன்றைப் பத்திரிகையாளருக்கு வெளியிட்டாரென 42 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சான்றுகளோ பெரும்பாலும் சூழ்நிலை சார்ந்தவை. பெற்றேயஸ் கொடுத்தவை அச்சேறவில்லை என்னும் வேறுபாடு மெய்யே. ஆயினும், ஸ்ரேர்லிங்மீது பாய்ந்த 1917ஆம் ஆண்டின் ஒற்றாடற் சட்டம் பெற்றேயஸைத் தீண்டவேயில்லை. எச்சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டுவது என்னும் தெரிவே தண்டனையின் எல்லையை வகுக்கிறது. அத்தெரிவு பதவியை நோக்கி அமையுமாயின், இரகசியச் சட்டம் காப்பது அரசின் இரகசியத்தையன்று, அதிகாரப் படிநிலையையே எனக் கொள்ள நேரும்.