கியூ தோட்டத்துத் தொட்டிமரம்

லண்டன் மாநகரத்துக் கியூ தோட்டத்தில், பனைக்கூடம் என வழங்கும் கண்ணாடி மாளிகைக்குள், சாய்ந்துபோன தண்டை ஊன்றுகோல்கள் தாங்கி நிற்க, மரப்பெட்டி ஒன்றில் வாசம் செய்யும் விருட்சம் 1775-ஆம் ஆண்டில் கியூவுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கொணர்ந்த பிரான்சிஸ் மாசன், 1772-இல் கேப்டன் குக்கின் கப்பலிலேறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், லின்னேயசின் சீடரான துன்பெர்க்குடன் மாட்டுவண்டியில் காடுமேடெல்லாம் சஞ்சரித்தவர்.

பார்வைக்குப் பனைபோல் தோன்றினும் அது பனையன்று. அக்காலத்துத் தாவர சாஸ்திரிகள் இம்மரம் சேர்ந்த வர்க்கத்தை ஒருகால் பனைகளோடும் ஒருகால் பெரணிகளோடும் சேர்த்துத் தடுமாறினர். இவற்றின் சூல் உறையின்றித் திறந்து கிடப்பதையும், ஆதலால் இவை பைன் மரங்களுக்கே உறவு என்பதையும் தாவர சாஸ்திரி ராபர்ட் பிரௌன் விளக்கியது 1820-களில்தான். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பதும் இவ்வர்க்கத்து மரமொன்றின் ஆண்கூம்புச் செதிலேயன்றிப் பூவன்று என்பதை நினைத்தால், அவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. ஹாம்பர்க் நகரத்துப் பேராசிரியர் லேமன், 1834-இல், கேப் நாட்டு மக்கள் இதன் இனத்தண்டுகளின் சோற்றிலிருந்து ரொட்டி செய்துண்ட வழக்கத்தைக் கருதித் ‘தலைக்குள் ரொட்டி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் என்செபலார்டோஸ் என்றும், பிரஷ்ய மந்திரி ஒருவரைக் கௌரவித்து ஆல்டென்ஸ்டைனி என்றும் இதற்கு நாமகரணம் செய்தார்.

ஆயினும் பெயர் நிச்சயமாகும்வரை குளிர்காலம் காத்திருக்குமா? உறைபனி காணாத கடலோரத்தில் வளர்ந்த மரத்தை லண்டன் மார்கழியில் காப்பதற்குப் பெயரைவிடப் பிறந்த இடம் தெரிவதே முக்கியம். கட்டடச் சிற்பி சேம்பர்ஸ் 1761-இல் கியூவில் எழுப்பிய 114 அடி நீள வெப்பக்கூடம் போன்றவற்றில், சுவரினுள் புகைக்குழாய்களை ஓடவிட்டுச் சூடேற்றியதோடு, தோல் பதனிடுவோர் கழித்தெறிந்த ஓக் பட்டையைக் குழியில் நிரப்பித் தொட்டிகளை அதில் புதைத்து வைப்பார்கள். தோல் பதனிடுவதில் நம்மூரில் ஆவாரம்பட்டைக்குள்ள இடம் அங்கே ஓக் பட்டைக்கு. பட்டை புளித்துக் கொதிக்கும் இளஞ்சூடு மாதக்கணக்கில் வேரைத் தாங்கும். தணிந்தால் கிளறி, புதுப்பட்டை கலக்க வேண்டும். நீரோ, வளர்ச்சி அடங்கிய மாதங்களில் மிகச் சிறிது. குளிரைவிட ஈரத்தால் அழுகி மாய்ந்த அயல்நாட்டு மரங்கள் எத்தனையோ! பின்னர், 1848-இல் கட்டி முடித்த பனைக்கூடத்துக்கு மரம் இடம் மாறிற்று. அங்கே நிலவறைக் கொதிகலன்களின் வெந்நீர்க் குழாய்கள் உஷ்ணம் தர, புகையைச் சுரங்கவழியே தொலைவிலுள்ள கோபுரத்துக்குக் கொண்டுபோயினர்.

இத்தனை சம்ரக்ஷணைக்கும் அது கியூவில் கூம்பு விட்டது ஒரே முறை, 1819-இல். மாசன் அனுப்பப்பட்டதற்குக் காரணஸ்தரான ஜோசப் பாங்க்ஸ், கீல்வாதத்தால் நடக்க இயலாத முதுமையிலும் அதைக் காணக் கியூவுக்கு வந்தார். மறு வருஷம் காலமானார். அவர் பார்த்த மரத்துக்கு இன்றைய பெயர் கிடைக்க அப்போது இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன.