ஓய்வுக்கு முன்னரே ஒரு காசிப் பயணம்

வாழ்நாள் உழைப்பை முடித்து, பிள்ளைகளைக் கரையேற்றிய பின்னரே காசிக்குப் புறப்படுவது என்பது தமிழகத்தில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். ஆனால், சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, பணியில் இருக்கும்போதே விடுப்புப் பெற்று, 1830 மே மாதத்தில் தாய், மனைவியுடன் புறப்பட்டு, மாதவரம் வழியாக, இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியைக் கடந்து திருப்பதி சென்று, ஐதராபாத், நாகபுரி ஊர்களைத் தாண்டிக் காசியை அடைந்தார். பல்லக்கும் கூடாரமும் சமையல் பாத்திரமுமாக ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்ற அப்பயணம், வீட்டையே சாலையில் நகர்த்திச் சென்றதற்கு ஒப்பானது. 1831 செப்டம்பரில்தான் அவர் திரும்பினார். தண்ணீர், தங்குமிடம், சாலையின் நிலை ஆகியவற்றைப் பற்றி வழிநெடுக அவர் தெலுங்கில் எழுதிய குறிப்புகள் 1838இல் நூலாயின.

1856இல் ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா சாலை வரை ரயில் ஓடியதும் பயணம் எளிதாயிற்று. பணியில் இருக்கும்போதே பயணம் செய்ய உதவும் விடுப்புப் பயணச் சலுகை, அதாவது குடும்பத்துடன் ஊர் சென்றுவர அரசே கட்டணம் ஏற்கும் முறை, 1956இல் மத்திய அரசு ஊழியருக்கு வந்தது. பின்னாளில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியரும் இவ்வுரிமையைப் பெற்றனர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்க்கோ இத்தகைய சட்ட உரிமை இல்லை. உடலில் வலு உள்ளபோதே ஊர் காணும் வாய்ப்பு அவர்களுக்கும் சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும்.