பணிநீக்கமும் தக்க காரணமும்

ஒருவரைப் பணியினின்று நீக்குதற்குக் காரணம் வேண்டும் என்பது இக்காலச் சட்டம் புதிதாகக் கண்ட கருத்தன்று. அக்காரணத்தை ஆராயும் முறை யாது, பழி யாரைச் சாரும் என்னும் இரண்டிலேயே பழமைக்கும் புதுமைக்கும் வேறுபாடு உளது. சோழர் காலச் சான்றுகளையும் பிற்காலச் சட்டத்தையும் ஒப்பிட்டு இதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் பராந்தகனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவன. வாரியப் பெருமக்களின் பணிக்காலம் 360 நாள். இடையே ஒருவர்பால் அபராதம் காணப்படின் அவரை நீக்குதல் விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் மீண்டும் குடத்தில் இடப்பெறாது. இவர்கள் கூலி பெற்ற ஊழியர் அல்லர். எனினும், நீக்குதற்குரிய காரணம் பணி ஏற்குமுன்பே யாவரும் அறியக் கல்லில் வரையப்பட்டமை கருதத்தக்கது. ஆயினும், கணக்குக் காட்டாதவரின் பழி அவர்தம் தாய்வழி, தந்தைவழி உறவினரையும் பற்றியது.

இக்குறை உடையார்குடிக் கல்வெட்டில் மேலும் தெளிவாகின்றது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அண்மையில், காட்டுமன்னார்கோயிலின்கண் உள்ள இச்சாசனம் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை இது குறிக்கின்றது. பிரமாதிராசன் என்னும் பட்டம் கொண்டு இவர்களுட் சிலர் அரசப் பணியினர் எனக் கொள்ளலாம். பதவி நீக்கத்தை அன்று, உடைமை பறித்தலையே சாசனம் பேசுகின்றது. அவ்வொறுப்பு உடன்பிறந்தார், மக்கள், மணவுறவினர் வரையிற் சென்றது. அரசனைச் சார்ந்தோர் குற்றத்திற்குக் குடும்பமே பொறுப்பாயிற்று.

குற்றத்தை நாடி, அதற்கொப்ப ஒறுத்தலே அரசன் கடன் என்னும் கருத்தை வள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தின் முதற்குறளிலேயே (561) வைத்தார். அறநூல் கண்ட இந்நெறி சட்டமாதற்கு நெடுங்காலம் சென்றது. 1947 ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், ஆறு திங்கள் இடையறாது பணிபுரிந்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு திங்கள் முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றியும் நீக்கலாகாது என்றது. ஒழுங்கீனம் காரணமாயின் விசாரணையிற் பதிவான சான்று வேண்டும். நீக்கப்பட்டவர்க்கு மேல்முறையீடும் உண்டு. அரசுப் பணியாளர்க்கோ, விதிவிலக்கான சில நிலைகள் தவிர, குற்றச்சாட்டை அறிவித்து மறுமொழி கேட்டல் அரசியலமைப்பின் 311 ஆம் உறுப்பு தந்த காப்பாகும்.

2003 சூலைத் திங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் விசாரணையின்றி நீக்கப்பட்டனர். வேலைநிறுத்த உரிமை இல்லை என 2003 ஆகத்து 6 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தபின் பெரும்பாலோர் மீளச் சேர்க்கப்பட்டனர். காரணம் கூறப்பட்டது உண்மையே. ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே நாடுதல் நிகழவில்லை. அன்று உறவு என்னும் பெயரால் பலர்மேற் சென்ற பழி, இங்குக் கூட்டம் என்னும் பெயரால் சென்றது.

இவற்றால் போதருவது இது: காரணம் மட்டுமே நீதியாகாது. குற்றம் செய்தார் இன்னார் எனப் பிரித்தறிந்து, அவர் சொல்லையும் கேட்ட பின்னரே காரணம் தக்க காரணமாகும்.