வெறுங்காலும் சிறுகுடலும்

கலவானப் பகுதியில் மழை ஓய்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்கராச வனத்தை அண்டிய அப்பகுதியின் தேயிலை, றப்பர் மலைகளில் மண்ணுக்கு ஈரமும் நிழலும் குறைவதில்லை. பயிருக்கு வாய்த்த இந்நலன் கொழுக்கிப் புழுவின் குடம்பிக்கும் வாய்த்தது. சபரகமுவத் தோட்டங்களின் வரலாற்றில் இப்புழுவுக்கும் ஓர் இடமுண்டு.

நாம் உண்ணும் சோறு இரைப்பையிற் கூழாகிச் சிறுகுடலை அடைகின்றது. பித்தநீரும் கணையநீரும் அங்கே கலந்து அதனைச் சமிக்கச் செய்கின்றன. ஏறக்குறைய இருபது அடி நீளமான அக்குழாயின் உட்சுவரிலுள்ள சடைமுளைகள் சத்தினை உறிஞ்சிக் குருதியிற் சேர்க்கின்றன. வரவு வைக்கும் அவ்விடத்திலேதான் புழுவும் குடியேறுகின்றது. அரை அங்குலமளவேயான அது குடற்சுவரைக் கௌவிக் குருதியைக் குடிக்கின்றது. உணவு தரும் இரும்புச்சத்திலும் புழுவால் இழக்கும் இரும்பு மிகுமாயின் சோகை பிறக்கும். தோட்டங்களிலே சோம்பேறிகள் என்று பழிக்கப்பட்டோருள் எத்தனை பேர் குருதி குன்றியவர்களோ!

இத்தாலிய மருத்துவர் அஞ்சலோ துபினி 1838ஆம் ஆண்டில் மிலான் நகரில் இப்புழுவைக் கண்டறிந்தார். அது வாய்வழியே புகுகின்றது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கெய்ரோவில் ஆராய்ந்த ஆர்தர் லூஸ் என்பாரின் கையில் ஒருநாள் குடம்பிகள் கலந்த நீர் சிந்தியது. தோல் சிவந்து அரித்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. வழி வியப்பானது: தோலைத் துளைத்துக் குருதியிற் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றது. வெறுங்காலுடன் கொழுந்து பறித்தவர்களுக்கு நேர்ந்தது இதுவே.

அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் 1916ஆம் ஆண்டில் இலங்கையில் ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. மாத்தளைத் தோட்டங்களே முதற்களம். பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோரிடம் புழு இருந்தது. கீனோபோடியம் எண்ணெயும் பேதி மருந்தும் கொடுக்கப்பட்டன, புழுக்கள் வெளியேறின. எனினும் மலசலகூடங்கள் போதாமையால் லயங்களைச் சூழ்ந்த மண் மாசுற்றே கிடந்தது. குணமடைந்தவர் அதே மண்ணில் மீண்டும் கால்பதித்தனர். மருந்துச் செலவு சிறிது. கட்டடச் செலவு பெரிது. துரைமார் பலர் பின்னதற்குத் தயங்கினர். குடலைத் தூய்மையாக்கி மண்ணை மறந்த வைத்தியம் எவ்வாறு நிலைக்கும்?

இவ்வனுபவத்தின் பின்னரே, 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு மருந்தோடு நில்லாமல், மலசலகூடம், குடிநீர், தாய்சேய் நலம், சுகாதாரப் போதனை ஆகியவற்றையும் ஒருங்கே ஏற்றது. அம்முறை பின்னர் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது.