சுண்டெலியின் இரத்தச் சர்க்கரை

ஆய்வகச் சுண்டெலியின் வால் நுனியைக் கீறி, சோதனைப் பட்டையில் ஒரு சொட்டு இரத்தம் தொட்டால் சர்க்கரை அளவு சில நொடிகளில் தெரிந்துவிடும். அந்த எண்ணை நம்புவதுதான் கடினம். கையில் பிடித்த பயத்திலேயே சர்க்கரை ஏறும். சுண்டெலி இரவில் தின்னும் பிராணி; இரவு முழுக்க உணவின்றி விட்டால் அது வெறும் வயிறு அல்ல, பட்டினி. அதனால் பலரும் பகலில் ஆறு மணி நேரம் மட்டும் தீனியை எடுத்துவிட்டு அளக்கிறார்கள்.

நீரிழிவு ஆய்வுக்குள் சுண்டெலி தற்செயலாகவே நுழைந்தது. 1949இல் அமெரிக்காவின் பார் ஹார்பரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் தின்று தின்று உருண்டையாகும் குட்டிகள் பிறந்தன. லெப்டின் என்ற ஹார்மோன் இல்லாததே காரணம் என்பது 1994இல்தான் தெரிந்தது. சர்க்கரை ஏறக் கொழுப்பு மிகுந்த தீனியே போதும் என்பதை 1988இல் ஆய்வாளர் சர்விட்டின் குழு காட்டியது. சி57பிளாக்6 வகை எலிகளுக்குச் சர்க்கரை ஏறியது. அதே தீனியைத் தின்ற ஏ/ஜே வகை தப்பித்தது.

மருந்தின் கதை வேறு. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் முதலில் நுண்ணுயிர்க்கொல்லியாகவே கண்டறியப்பட்டது. அது கணையத்தின் பீட்டா செல்களை அழிப்பது பின்னர் தெரியவந்தது. சிறு அளவில் நாள்தோறும் சில நாட்கள் செலுத்தினால், சுண்டெலியின் கணையத் திட்டுகளில் அழற்சி தோன்றிச் சர்க்கரை மெல்ல ஏறுவதை லைக்கும் ரோசினியும் 1976இல் காட்டினர்.

தொற்றுதான் ஆய்வாளர்களை அதிகம் குழப்பியது. 1968இல் கிரெய்க்ஹெட், மெக்லேன் இருவரும் ஒரு வைரஸைச் செலுத்தியே எலிகளுக்கு நீரிழிவை வரவழைத்தனர். ஆனால் 1980இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட, தானாகவே நீரிழிவு காணும் என்ஓடி எலிகளில் நடந்தது நேர்மாறு: கூண்டு சுத்தமாக இருக்க இருக்க நோய் கூடியது, சில தொற்றுகள் கண்ட எலிகள் தப்பின. என்ஓடி எலியைப் பற்றிப் பேசும்போது அது வளர்ந்த கூண்டின் சுகாதாரத்தைச் சொல்லாமல் விடுவது பாதிக் கதைதான்.

உணவு, மருந்து, தொற்று மூன்றும் ஒரே மேசையில் சந்தித்தது 2016இல், யேல் பல்கலைக்கழகத்தில். லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றிய எலிகள் தீனியை ஒதுக்கின. குளுக்கோஸைக் குழாய்வழி புகட்டியபோது செத்தன. இன்ஃபுளுயன்சா வைரஸ் தொற்றியவற்றையோ அதே குளுக்கோஸ் காப்பாற்றியது. செல்கள் குளுக்கோஸைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் டீஆக்சிகுளுக்கோஸைக் கொடுத்தபோது விளைவு தலைகீழானது: பாக்டீரியா எலிகள் பிழைத்தன, வைரஸ் எலிகள் மடிந்தன.