திருமுதுகுன்றத்து நிலமும் வாழ்வும்

விருத்தாசலம் என இன்று வழங்கும் ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம் என்பது. பழமலை என்பதும் அதுவே. முதுமையை விருத்தம் எனவும் குன்றத்தை அசலம் எனவும் மொழிபெயர்த்துக் கொண்டமையால் விருத்தாசலம் என்னும் வடமொழிப் பெயர் தோன்றிற்று. தேவார மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். ஆயின் இவ்வூர்க்கு முதன்முறை செல்வார் எவர்க்கும் ஓர் ஐயம் எழும்: குன்றம் யாண்டுளது? மணிமுத்தாற்றங்கரையில் நகரம் சமநிலத்தே பரந்து கிடக்கின்றது. பழமலைநாதர் திருக்கோயிலும் சமநிலத்தேயே நிற்கின்றது. குன்றம் நிலத்துள் அழுந்திவிட்டது என்பது வழிவழி வரும் செய்தி. அதனைப் புராணச் செய்தியாகவே கொள்வோம். ஆயினும் இவ்வூர் மக்கள் வாழ்வை விளக்குவது கண்ணுக்குப் புலனாகும் நிலப்பரப்பன்று, அதன்கீழ் அடுக்கிக் கிடக்கும் மண்ணும் கல்லுமே என்பதற்கு அப்பெயர் நல்லதொரு தொடக்கமாக அமைகின்றது.

நில அமைப்பே மக்கள் வாழ்வை வகுக்கின்றது என்பது வரலாற்றறிஞர் பலர் கூறும் கருத்து. திணையிலக்கணம் பயின்ற நமக்கு அது புதியதன்று. புதியதன்மையாலேயே அதனை ஆராயாது ஏற்றுக்கொள்ளும் இடர்ப்பாடும் நமக்கு உண்டு. தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் என இரண்டினையும் சேர்த்தே கூறினார். அவர் கருதிய பொழுது பருவமும் நாளின் கூறுமே ஆம். அதனைச் சற்று விரித்து வரலாற்றுக் காலம் என்பதையும் உட்படுத்திக் கொண்டால், நிலம் தனித்து நின்று எதனையும் வகுப்பதில்லை என்பது புலனாகும். இதற்கு முதுகுன்றத்து வெண்களிமண் ஏற்ற சான்றாகும்.

இவ்வட்டாரத்தின் கிடக்கையை மேற்கிலிருந்து கிழக்காகக் காண்போம். மேற்கே மிகப் பழைய படிகப் பாறை நிலம். கல்வராயன் மலையும் அதன் தாழ்வரையும் அவ்வினத்தன. அதனையடுத்து வடக்குத் தெற்காகச் செல்லும் குறுகிய பட்டையொன்றில், சற்றேறக்குறைய 7 கோடி ஆண்டுகட்கு முன் ஈண்டுக் கடல் இருந்ததற்குச் சான்றான படிவுகள் உள்ளன. அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி என்னும் மூவிடத்தும் இக்கடற்படிவுகள் வெளிப்பட்டுக் கிடத்தலை 1860-களில் பிளான்போர்டு என்னும் நிலநூலார் விரிவாக எழுதினார். அதன் கிழக்கே கடலூர் மணற்கல் எனப் பெயர்பெற்ற செந்நிற மேட்டுநிலம். இது காலத்தால் மிகப் பிற்பட்டது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் இம்மணற்கல்லைச் சேர்ந்தன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இதனோடு தொடர்புடையதே. வெண்களிமண்ணும் இதனுள்ளேயே அடங்கியுள்ளது. ஆகவே முதுகுன்றம் ஒரு நிலத்து ஊரன்று. மூன்று நிலங்களின் பொருத்துவாயில் அமைந்த ஊர். கண்டராதித்தர் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். கருங்கல் நிலம் ஈண்டிருந்து அண்மையிலேயே தொடங்குதல் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

நீர்வளம் காணின் நடுநாட்டிற்கும் சோணாட்டிற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். காவிரி மேற்குத் தொடர்மலையில் தோன்றித் தென்மேற்குப் பருவமழையால் பெருகுவது. சோணாட்டில் மழை பெய்யாத காலத்தும் அங்கே புதுப்புனல் வரும். வெள்ளாறும் அதனோடு கலக்கும் மணிமுத்தாறும் அத்தகையன அல்ல. தாழ்ந்த கீழைமலைகளில் தோன்றிப் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுவன. ஆண்டின் பல திங்கள் மணலே ஆறாகக் கிடக்கும். (சுந்தரர் தாம் பெற்ற பொன்னை இம்மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்தார் என்பர்; கோடையில் இவ்வாற்றைக் கண்டவர்க்கு இட்ட இடத்திலேயே தோண்டி எடுத்திருக்கலாமே என்று தோன்றும்.) ஆகலின் ஈண்டு நெல் விளைவது ஏரியாலும் அணையாலுமே. மணிமுத்தாற்றில் மேமாத்தூர் அணையும், வெள்ளாற்றில் பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு அணைகளும் இக்குறையை ஒருவாறு நிரப்ப எழுந்தன. ஆற்றோரம் மருதமாகவும், சிறிது தொலைவு சென்றால் மானாவாரிப் புன்செய்யாகவும் நிலம் மாறிவிடுகின்றது.

செம்மண் மேட்டில் நிகழ்ந்தது வேறு. நீரைத் தேக்காத அம்மணற்பாங்கான நிலத்திற்கு இரு பயிர்கள் கடல்கடந்து வந்து பொருந்தின. முந்திரி 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரால் இந்நாட்டிற்குக் கொணரப்பட்டது. நிலக்கடலையை இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு அது. வந்த வழியைப் பெயரே காட்டுகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சு நாட்டு மார்செய் நகர் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. மண் முன்னரே இருந்தது. மார்செய் ஆலைகள் இல்லை. அவை தோன்றிய பின்னரே அம்மண்ணுக்கு அம்மதிப்பு உண்டாயிற்று. இன்று விருத்தாசலத்து மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்னும் பெயரில் முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் தனி இரகங்களைக் கண்டளித்துள்ளது.

இனி வெண்களிமண். பானை வனைதல் தமிழகத்துத் தொன்மையான தொழில். கலஞ்செய் கோவைச் சங்கப் புலவரும் அறிவர். ஆயின் நம் வேட்கோவர் எடுத்தது ஏரி வண்டலும் குளத்துக் களியுமே. காலடியில் கிடந்த வெண்களியை அன்று. இதனை அறியாமை என்று கொள்வது பிழை. வண்டல் மண் ஏறக்குறைய 700 முதல் 900 பாகை வெப்பத்தில் வெந்து செங்கலமாகும். விறகும் வைக்கோலும் இட்ட சூளைக்கு அதுவே அளவு. வெண்களி பீங்கானாக இறுகுவதற்கோ 1200 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அன்றியும் களிமண் ஒன்றே பீங்கானாகாது. பெல்ஸ்பாரும் வெண்கல்லும் அதனோடு அரைத்துச் சேர்த்தல் வேண்டும். அவை கரூர், நாமக்கல் முதலிய மேற்கு மாவட்டங்களில் கிடைப்பன. எனவே உயர்வெப்பச் சூளையும், மேற்கினின்று பொருள் வரும் வழியும், விற்கும் சந்தையும் ஒருங்கே வாய்க்கும்வரை வெண்களி வெறும் மண்ணாகவே கிடந்தது.

இவை வாய்த்தது 20-ஆம் நூற்றாண்டில். விழுப்புரம்–திருச்சி இருப்புப் பாதையும் சேலம்–கடலூர்ப் பாதையும் விருத்தாசலத்தில் சந்தித்தன. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் அமைந்தது. 1961-இல் நிலக்கரிப் படலம் வெளிப்பட்டது. மேல்மண்ணை அகற்றும்போது வெளிப்பட்ட வெண்களியைக் கழுவித் தூய்மை செய்யும் ஆலையும் அத்திட்டத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. விருத்தாசலத்தில் அரசினர் செராமிக் தொழிற்பேட்டையும் அத்தொழில் பயிற்றும் நிறுவனமும் எழுந்தன. மின்கம்பிக்குரிய பீங்கான் உறுப்புகளும், பொம்மைகளும், கார்த்திகைக்கு அகல்விளக்குகளும் செய்யும் பட்டறைகள் பெருகின.

பிறநாட்டு நிலையோடு ஒப்பிடின் இது மேலும் விளங்கும். இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுசயர் மட்கலத் தொழிலிற் புகழ்பெற்றது. ஆனால் அங்குள்ள மண் செம்மண். வெண்களி தெற்கே கார்ன்வாலிலிருந்து கடல் வழியாகவும், 1777-இல் நிறைவுற்ற கால்வாய் வழியாகவும் வந்தது. களியினும் நிலக்கரி மிகுதியாக வேண்டப்பட்டமையால் களி நிலக்கரியைத் தேடிச் சென்றது. கார்ன்வால் களியை ஏற்றுமதி செய்தது. கலம் பிற இடத்தில் உருவாயிற்று. மண் உள்ள இடமெல்லாம் தொழில் உள்ள இடம் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

நிலம் மனிதனை வகுப்பதோடு அமையாது, மனிதன் நிலத்தை மாற்றுதலும் இங்கே காணப்படுகின்றது. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியுள்ள ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கம் நில்லாது. அந்நீரே சுற்றுவட்டார உழவர்க்கும் உரிய நீர். 2011 திசம்பரில் தானே புயல் முந்திரிக் காடுகளை வேரோடு சாய்த்தபோது, ஒரே பயிரை நம்பிய செம்மண் மேடு எத்துணை மெலிந்தது என்பது ஓரிரவில் வெளிப்பட்டது. 2023 சூலையில் பரவனாற்றைத் திருப்புதற்கான கால்வாய் வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலூடே வெட்டப்பட்டது. மக்கள் எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. அணை கட்டிய காலத்து வயலுக்காக ஆறு மடக்கப்பட்டது. இங்கோ சுரங்கத்திற்காக ஆறும் வயலும் இடம்பெயர்கின்றன. செம்மண், களி, மணற்கல், நிலக்கரி என அடுக்கிக் கிடந்த வரிசை சுரங்கத்தால் தலைகீழாகி, அடிமண் மேலே குன்றாகக் குவிகின்றது. குன்றில்லாத முதுகுன்றத்திற்குச் சிறிது கிழக்கே இன்று தொலைவிலிருந்தே காணப்படும் மேடுகள் இவையே.